லைனிங் இல்லாத கப்பல்

உலகத்திலேயே பத்திரமான இடம் எது? பேங்க் லாக்கர் என்பீர்கள். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது. ஆனவன் சொல்கிறேன், கேளுங்கள்: பிளாஸ்டிக் கப்பலின் வயிறு.

பெட்டியில் துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்கிற பொம்மைக் கப்பல். முழ நீளம். வெள்ளைவெளேர் என்று ஒரு பயணிகள் கப்பல். எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டினேன். மேல்தளத்தை மட்டும் ஒட்டவில்லை. அதைத் தூக்கினால் உள்ளே என் மிட்டாய்கள்.

டாக்டர் என் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு என்னிடம் பேசவே இல்லை, என் மனைவியிடம்தான் பேசினார். அன்றோடு இனிப்பு கட்.

"இனிமே ஒரு மிட்டாயோட பிடிபட்டீங்கன்னா, மறுநாள்லேருந்து விடியறதுக்கு முன்னாடி எங்கண்ணன்கூட ஓடணும்!"

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வீட்டில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் விசில் ஊதுகிற மனுஷர். எனக்கோ விடியற்காலைத் தூக்கம் ஒரு உயிர், மிட்டாய் இன்னொரு உயிர். இரண்டையும் அந்தக் கப்பல்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் ஷோகேஸைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கப்பலைத் தூக்கினாள். உள்ளே 'லொடக்' என்றது.

"என்னங்க சத்தம்?"

"எஞ்சின்."

"ஓ!" என்றாள். நம்பிவிட்டாள்! "எஞ்சினெல்லாம் இருக்கு, ஒரு லைட்டு இல்லையே. ஜன்னல் ஜன்னலா எரிஞ்சா எவ்வளவு அழகா இருக்கும்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கப்பலைக் குப்பை என்று சொன்ன வாய் அது!

"போட்டுடறேன்! கடையில யானை விலை சொல்றான். நான் வீட்டுல கிடக்கிறதை வெச்சே முடிச்சுக் காட்டறேன் பாரு!"

பாதி செத்துப்போன சீரியல் லைட் சரத்தில் உயிரோடிருந்த சில பல்புகளை வெட்டி எடுத்தேன். உடைந்த பொம்மைக் காரிலிருந்து பேட்டரிப் பெட்டியையும் ஸ்விட்சையும் கழற்றினேன். ஜன்னல்களுக்கு ஓட்டை போட ஊசி வேண்டியிருந்தது. என் மனைவி தையல் கடை வைத்திருப்பவள். அவள் ஊசியைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவாள். அன்றைக்கு அவளே எடுத்து, சூடு காட்டியும் கொடுத்தாள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை.

"கொஞ்சம் கறுப்புப் பெயிண்ட் வாங்கணும்" என்றேன்.

"எதுக்கு?"

"உள்பக்கம் பூசணுமாம். பெட்டியில போட்டிருக்கு."

"உள்ள எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்? வீண் செலவு!"

நியாயமாகத்தான் பட்டது. பட்டப்பகலில் எரியவிட்டுப் பார்த்தேன். ஜன்னல்கள் மட்டும் பொட்டுப் பொட்டாக மின்னின. மிட்டாயை முதலில் வெளியே எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்து எங்கே வைப்பது? அலமாரி மேல் நிற்கிற, நான் ஒட்டிய இன்னொரு பொம்மையான விமானத்தின் வயிறு ஏற்கெனவே நிரம்பி வழிந்தது.

திறப்பு விழாவுக்கு மச்சானையும் கூப்பிட்டுவிட்டாள். "உங்க கைவேலையை அண்ணனும் பாக்க வேண்டாமா?" என்றாள். புருஷன்மேல் எவ்வளவு பெருமை! திரைச்சீலையை இழுத்து மூடினாள். கூடத்து விளக்கை அணைத்தாள்.

"ம், போடுங்க!"

போட்டேன்.

ஜன்னல்கள் எரிந்தன. கூடவே கப்பலும் எரிந்தது. மெல்லிய பிளாஸ்டிக் முழுக்க வெளிச்சம் பரவி, மொத்தக் கப்பலும் பால் மாதிரி ஒளிர்ந்தது. அடிவயிற்றில் மட்டும் கறுப்பு கறுப்பாக நிழல்கள். நடுவில் குண்டாக, இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு.

மச்சான் குனிந்து பார்த்தார். "மாப்ளே, மீனெல்லாம் கப்பலுக்கு வெளியிலதானே இருக்கும்?"

"அது... வலை போட்டுப் பிடிச்சது மச்சான்."

"பயணிகள் கப்பல்ல எதுக்கு வலை?"

"ஏன், பயணிகளுக்குப் பசிக்காதா?"

என் மனைவி மேல்தளத்தைத் தூக்கினாள். ஒரு மீனை எடுத்தாள். காகிதத்தைப் பிரித்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

"எலுமிச்சைண்ணா" என்றாள்.

மானம் கப்பலேறியது என்பார்கள். என்னுடையது விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு ஏறியது.

"உனக்கு எப்படிடீ தெரியும்?"

"வெள்ளைத் துணிக்கு லைனிங் கொடுக்கலேன்னா உள்ள இருக்கிறதெல்லாம் வெளியில தெரியும். எனக்கு தினம் இதே வேலைதானே? நீங்க கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அதான் வீண் செலவுன்னேன்!"

"அப்ப எஞ்சின்னு சொன்னதை நீ நம்பலையா?"

"எந்த எஞ்சினைங்க எறும்பு மொய்க்கும்? நானாத் திறந்து பிடிச்சிருந்தா, யார் வீட்டுக் குழந்தையோ போட்டதுன்னு சாதிச்சிருப்பீங்க. அதான் அண்ணன் முன்னாடி உங்க கையாலேயே விளக்குப் போட வெச்சேன்."

மச்சான் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து வேட்டியில் துடைத்தார். "நாளைக்குக் காலையில ரெடியா இருங்க மாப்ளே. கால்ல ஷூ இருக்கணும்."

கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தேன். தூக்கம் போயே போச்சு. ஆனால் மிட்டாய்? கப்பல் போனால் போகட்டும், விமானம் இருக்கிறதே! அந்த ஆறுதலில், யாருக்கும் தெரியாமல் நைசாக அலமாரி மேல் ஒரு பார்வை பார்த்தேன்.

அவள் இரண்டாவது மிட்டாயைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "விளக்கு ரொம்ப நல்லா வந்திருக்குங்க. காலையில ஓடிட்டு வந்ததும், அந்த விமானத்துக்கும் ஒண்ணு போட்டுடுங்க."