அன்பைச் செக்கிங் செய்கிறவர்

நல்ல காரியம் செய்கிறவர்கள் உலகத்தில் இரண்டு வகை என்று பொதுவாகச் சொல்வார்கள். செய்கிறவர்கள் ஒரு வகை, செய்யப்போவதாகச் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. எங்கள் திருப்பூர் வட்டாரத்தில் மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அடுத்தவர் செய்த நல்ல காரியத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே புரட்டி, வெளியே புரட்டி, ஓரத்தை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குதுங்க... ஆனா..." என்று சொல்கிறவர். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், அன்புப் பரிசோதகர்.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கோயில் அன்னதானத்தில் பந்தி உட்கார்ந்து இலையும் போட்டான பிறகு, சாம்பாரை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கி, "இன்னும் ஒரு கொதி வரட்டுமே" என்று வாளியைத் திருப்பி அனுப்புகிறவர் இவர்தான். கடலோரத்துக்கு நிவாரணத் துணி ஏற்றிக்கொண்டு புறப்பட்ட லாரியை வழிமறித்து, மூட்டை அடுக்கினது கோணல் என்று மறுபடி இறக்கச் சொன்னவரும் இவரேதான். கெட்டவரா? சேச்சே. அவர் மனசெல்லாம் தங்கம். அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்துக்கொண்டே இருப்பார், அதுதான் சங்கடம். அவரால் நல்ல காரியம் ஒருபோதும் கெட்டுப்போகாது. நடக்காது, அவ்வளவுதான்.

நல்ல உருப்படி ஒன்றைக் காட்டுகிறேன், பாருங்கள். பெயர் செல்வக்குமார். ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு மேனேஜர். ஜெர்மனிக்காரனும் பிரான்ஸ்காரனும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் அகப்படாத ஓட்டையை இவர் பஸ்ஸில் போகிறபோதே பக்கத்து சீட்டுக்காரர் சட்டையில் கண்டுபிடித்துவிடுவார். கழுத்தில் எந்நேரமும் இஞ்ச் டேப். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றி வைப்பார் என்று கேள்வி. அதையும் அவர் மனைவி கீதாஞ்சலி உறுதி செய்ய மறுத்துவிட்டார். அந்த வீட்டில் காலை நேரம் இப்படித்தான் விடியும்:

"தோசை இந்தப் பக்கம் கொஞ்சம் எச்சா இழுத்திருக்குதே, கீதா."

"அப்ப அந்தப் பக்கம் இருந்து தின்னுங்க."

இப்படிப்பட்டவரைத் தலைவராகக் கொண்ட ‘தளிர்க்கரம்’ என்ற தொண்டு அமைப்பு, 2006 பிப்ரவரியில் ஒரு தீர்மானம் போட்டது. கோவையில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, மருந்தின் வேகத்தில் முடி கொட்டிப்போன தலைகளுக்கு, மெத்தென்ற பருத்தி நூலில் கையாலேயே பின்னிய குல்லா கொடுப்பது. அருமையான யோசனை. நூல் தர ஆள் இருந்தது, பின்ன ஆள் இருந்தது. இந்த ஊரில் நூலுக்கும் கைக்கும் என்றைக்குப் பஞ்சம்? வேறு ஊராக இருந்தால் மாசிக்குள் குல்லாக்கள் பிள்ளைகளின் தலையில் ஏறியிருக்கும். வேறு ஊரில் ஒரு செல்வக்குமார் இல்லை, பாவம்.

முதல் வேலையாகத் தளிர்க்கரத்தார் இஞ்ச் டேப்போடு மருத்துவமனைக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் அளந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் சௌபர்ணிகா இருந்தாள். மூன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். அவளுடைய அம்மா அன்புசெல்வி சாமளாபுரத்துக்காரர், பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை.

"உனக்கு எப்பிடிக் குல்லா வேணும் கண்ணு?" என்று செல்வக்குமார் கேட்டார்.

"கத்தரிப்பூக் கலர்ல. காது வெச்சு."

"எந்தக் காது? பூனையா, முயலா?"

"எதுன்னாலும் சரிங்க. காது இருந்தாப் போதும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள வந்துருமுங்களா?"

"அதுக்கு முன்னாடியே வந்துரும்."

அந்தப் பிள்ளைக்கு அது சும்மா ஒரு குல்லா இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூனில் பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ மொட்டைத் தலையோடு வகுப்புக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அம்மா வாங்கித் தந்த உல்லன் குல்லா அரித்தது. மாமா வாங்கித் தந்த கிரிக்கெட் தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கியது. துண்டைக் கட்டினால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறதாம். காது வைத்த குல்லா வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் இன்னொரு வருஷமும் வீடு. பேச்சு முடிந்தது.

இங்கே திருப்பூரில் சனிக்கிழமைதோறும் ஓர் உறுப்பினர் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் குரோஷா ஊசியும் நூலுமாக உட்கார்ந்தார்கள். செல்வக்குமார் உட்காரவில்லை. பரிசோதகர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்னுகிறவரின் தோளுக்குப் பின்னால் ஒரு நிழல் வந்து நிற்கும், ஒரு பெருமூச்சு கேட்கும், அவ்வளவுதான், ஊசி வழுக்கிவிடும். முதல் குல்லாவை முடித்துக் கொடுத்தவர் நல்லம்மாள். செல்வக்குமார் அதை வாங்கி, புரட்டி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க அக்கா. ஆனா கை தெரியுது."

"கையில பின்னுனா கை தெரியாம காலா தெரியும்?"

"தெரியலாமுங்க. எச்சாத் தெரியக் கூடாது. பார்த்தா கையில செஞ்சதுன்னு தோணோணும், கையில செஞ்ச தப்பு மட்டும் இருக்கக் கூடாது."

"அதுக்கு மெசின்லயே ஓட்டிப் போடலாமே சாமி."

"அப்பிடிச் செய்யலாமுங்களா? அதுல அன்பு இருக்காதே" என்றார் செல்வக்குமார், மெய்யாகவே வருத்தப்பட்டு.

இந்த மாடிக்கு வந்தவர்களில் ஒருவர் அய்யாசாமி. மூலனூரில் முருங்கைக்காய் மண்டி வைத்திருந்துவிட்டு மகன் வீட்டோடு வந்து சேர்ந்தவர். மருமகள் பின்னுவதை ஒரு வாரம் பார்த்துவிட்டு, "காய்க்குக் கட்டுப் போடற மாதிரித்தான இதும்" என்று ஊசியைப் பிடுங்கிக்கொண்டவர். சாமளாபுரத்துப் பிள்ளை காது வைத்த குல்லா கேட்ட கதையைக் கேள்விப்பட்டு, கத்தரிப்பூ நிற நூலை எடுத்து, டிவியில் சீரியல் ஓட ஓட அவர் ஒரு குல்லாவைப் பின்னி முடித்தார். வலது காது யாரோ கூப்பிட்ட மாதிரி விறைத்து நின்றது. இடது காது வெயிலில் நின்ற வெள்ளாட்டின் காது மாதிரி மடிந்து தொங்கியது.

"அய்யாசாமியண்ணா, ரெண்டு காதுக்கும் முக்கால் இஞ்ச் வித்தியாசம் வருதுங்க."

"இருந்துட்டுப் போகுது தம்பி. மனுசனுக்கே ரெண்டு காதும் ஒண்ணுபோல இருக்கறதில்ல. என்னுதைப் பாரு."

செல்வக்குமார் பார்த்தார். டேப்பை எடுத்து அளந்தும் பார்த்தார். அய்யாசாமியின் காதுகள் அனுமதிக்கப்பட்ட வித்தியாசத்துக்குள்ளேயே இருந்தன. குல்லா ரிஜெக்ட் ஆனது.

இப்படியே மார்ச் போனது. மாதிரிக் குல்லா, மாதிரிக்குத் திருத்தம், திருத்தத்துக்கு மாதிரி என்று ஏப்ரல் போனது. ஓகே ஆன சில குல்லாக்களை இஸ்திரி போட்டு, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் இட்டார்கள். உறையின் மேல், ‘குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ என்று நாலைந்து ஐரோப்பிய மொழிகளில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. கம்பெனி உறை, அப்படித்தான் வரும். எச்சரிக்கையைச் செல்வக்குமார் ஒருவர்தான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். மே மாதக் கடைசியில் ஒரு போன் வந்தது.

"அண்ணா, சாமளாபுரத்துல இருந்து அன்புசெல்வி பேசறனுங்க. பாப்பாவுக்குக் குல்லா சொல்லியிருந்தீங்களே..."

"பீஸெல்லாம் ரெடிங்க. பைனல் செக்கிங் மட்டுந்தான் பாக்கி."

"பள்ளிக்கூடம் தெறக்குதுங்க. நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு வெச்சுட்டா. குல்லா வந்தாத்தான் போவேங்கறா."

"நீங்க சொல்றது புரியுதுங்க. அவசரப்பட்டா தரம் போயிருமில்லீங்க? பாப்பாவுக்கு நல்லதாக் குடுக்கோணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க."

இதில் ஒரு வார்த்தை தப்பு கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். முடியாது. இந்த இனத்தின் பலமே அதுதான். அவர் சொல்வது அத்தனையும் சரியாக இருக்கும், கேட்கிறவர் வெறுங்கையோடு நிற்பார். அன்புசெல்வி, "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ரிஜெக்ட் ஆன குல்லாக்கள் என்ன ஆயின என்று நீங்கள் கேட்கவில்லை. வெளியூர்க்காரராக இருப்பீர்கள். எங்கள் ஊரில் ரிஜெக்ட் ஆன சரக்கு ஒரு ராத்திரிகூட வீட்டில் தங்காது. சாக்கில் கட்டினால், அது தானாகவே காதர்பேட்டைக்கு வழி கேட்டுக்கொண்டு போய்விடும். குறை உள்ள பனியன், ஜட்டி, டீ சர்ட் எல்லாவற்றையும் குவித்துவைத்து மலிவாக விற்கிற செகண்ட்ஸ் கடைகள் அங்கேதான். செல்வக்குமாரும் இதற்காக ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மூக்கு அரித்தால் கை போகிற மாதிரி, குல்லா மூட்டை அமானுல்லா பாய் கடைக்குப் போய்விட்டது. வந்த சில்லறையைக் குல்லா வழங்கும் விழாவின் பேனருக்கு ஒதுக்கினார். தருமக் கணக்கு தருமத்துக்கே.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல், யூனிபார்முக்கு உள்ளே போட வெள்ளை பனியன் வாங்கலாம் என்று அன்புசெல்வி மகளையும் கூட்டிக்கொண்டு காதர்பேட்டைக்கு வந்தார். பிள்ளையின் தலையில் துண்டு. அம்மா பனியனைப் பார்த்துக்கொண்டிருக்க, மகள் பக்கத்துக் குவியலைக் கிளறினாள்.

"அம்மா. காது."

கத்தரிப்பூக் குல்லா மேலே வந்திருந்தது. அமானுல்லா திரும்பிப் பார்த்தார்.

"அது செகண்ட்ஸ் பாப்பா. ஒரு காது சொத்தை. வேற நல்லதாப் பார்த்து எடு."

"சொத்தை இல்லீங்க, தூங்குது" என்றாள் சௌபர்ணிகா. போட்டுப் பார்ப்பதற்காகத் துண்டை இழுத்தாள்.

"பத்து ரூவா அது" என்று சொல்லிக்கொண்டிருந்த அமானுல்லா அந்தத் தலையைப் பார்த்தார். "அஞ்சு குடுங்கம்மா." அன்புசெல்வி பர்ஸைத் திறந்தார். "சரி சரி, ரெண்டு ரூவா." அந்த அம்மா இன்னும் வாயே திறக்கவில்லை. காதர்பேட்டை வரலாற்றில் வாங்குகிறவர் பேசாமலே விலை இறங்கிய சம்பவம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

குல்லாவை வெந்நீரில் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்து, அடுத்த நாள் சௌபர்ணிகா பள்ளிக்கூடம் போனாள். அம்மா வாசல் வரை போய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அன்புசெல்வி வேலைக்குத் தாமதம்.

தளிர்க்கரத்தின் விழா ஜூலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பேனரில் செல்வக்குமாரின் முகம் பெரிதாக இருந்தது, குல்லா சிறிதாக இருந்தது. பெயர் கூப்பிட, சௌபர்ணிகா அந்தக் கத்தரிப்பூக் குல்லாவோடேயே மேடை ஏறினாள். செல்வக்குமாரின் கை உறையிலிட்ட குல்லாவை நீட்டியபடியே பாதியில் நின்றது.

"இது... எங்க வாங்குனீங்க?"

"காதர்பேட்டைலீங்கண்ணா" என்றார் அன்புசெல்வி கீழேயிருந்து.

"இது ரிஜெக்ட் பீஸுங்களே."

"அப்பிடின்னா?" என்றாள் பிள்ளை.

"சரியில்லேன்னு நாங்க ஒதுக்குனது கண்ணு. அதைக் கழட்டிக் குடுத்துட்டு இதைப் போட்டுக்க. பாரு, ரெண்டு காதும் எப்பிடி நிக்குதுன்னு."

சௌபர்ணிகா உறைக்குள் இருந்த குல்லாவை மரியாதையாகப் பார்த்தாள். "வேண்டாமுங்க. எங்க கிளாஸ்ல இந்தத் தூங்கற காதை எல்லாரும் முறை வெச்சுத் தொடறாங்க. முழிச்சுட்டா யாரு தொடுவாங்க?"

மூன்றாவது வரிசையிலிருந்து அய்யாசாமி எழுந்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "அது நம்ம சரக்கு" என்றார்.

புகைப்படத்துக்கு நிற்கும்போது, ரிஜெக்ட் பீஸ் தெரிய வேண்டாம் என்று பிள்ளையைத் தமக்குப் பின்னால் நிறுத்தினார் தலைவர்; பிள்ளையோ கேமரா தெரியவில்லை என்று ஒரு நாற்காலிமேல் ஏறிக்கொண்டாள். படம் வந்தபோது, செல்வக்குமாரின் தலைக்கு மேலே ஒற்றைக் காது விறைத்து நின்றது. இன்றைக்கும் தளிர்க்கரம் அலுவலகத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சட்டம் மட்டும் துளிக்கூடக் கோணல் இல்லை.

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் திருந்தாது, திருத்தும். அடுத்த கூட்டத்திலேயே அறிவித்தார்: ஏறுமாறான காதுக்குப் பிள்ளைகளிடம் வரவேற்பு இருப்பதால், இனி எல்லாக் குல்லாவும் அப்படியே வரவேண்டும். வலது காது நிற்க வேண்டும், இடது காது தொங்க வேண்டும், வித்தியாசம் முக்கால் இஞ்ச். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அய்யாசாமிக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. ரிஜெக்ட் ஆன ரோஷத்தில் மனுஷன் அதுவரைக்கும் வீட்டுக்குள் பின்னிப் பின்னி, அவிழ்த்து அவிழ்த்து, இரண்டு காதும் இரட்டைப் பிள்ளை மாதிரி நிற்கிற ஒரு குல்லாவோடு அன்றைக்குத்தான் மாடி ஏறி வந்தார். செல்வக்குமார் வாங்கினார், புரட்டினார், அளந்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. ஆனா ரெண்டும் ஒண்ணா இருக்குதுங்களே."

அய்யாசாமி கோபித்துக்கொள்ளவில்லை. குல்லாவைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "தம்பி, அந்தக் காதர்பேட்டை பாய் போன் நம்பர் உங்ககிட்ட இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்த இனம் பனியன் கம்பெனியில்தான் பிறக்கும், நம் வீட்டுப் பக்கம் வராது என்ற தைரியம் உங்களுக்கு. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, பரவாயில்லை, நடுவில் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று ஒருமுறை தோன்றியிருக்குமே? தோன்றட்டும், அது பெரிய வியாதி இல்லை. ஆனால் உங்கள் அலமாரியின் மேல்தட்டில், யாரோ ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதற்கென்று ஆசையாக ஆரம்பித்து, ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் சரியாக வரட்டும் என்று மடித்துவைத்தது ஏதாவது இருக்கிறதா? எழுந்து போய் எடுத்துப் பாருங்கள். பிடித்துப் பார்க்காதீர்கள், இழுத்துப் பார்க்காதீர்கள். ஒன்றே ஒன்றை மட்டும் யோசியுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு அது இனிமேல் பத்துமா?