ஐம்பது வாட் கார்த்திகேசு

இந்த வீட்டில் தன் பேச்சு ஒருநாளாவது எடுபடுமா? புக்கிட் ரோத்தான் கார்த்திகேசுவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே மனக்குறை. வாயைத் திறந்தால் போதும், மனைவி கங்கா பாதியில் பிடுங்கி மீதியை முடித்துவிடுவாள். இது என்ன நியாயம்? செம்பனை ஆலையில் நாற்பது பேரை மேய்க்கிற மனிதர் ஐயா அவர்!

அதனால்தான் தன் காரில் ஹேம் ரேடியோ, அதாவது இருபக்கமும் பேசுகிற வானொலி, வைப்பதென்று முடிவெடுத்தார். பக்கத்து ஊர் அசாம் ஜாவாவில் நண்பன் சசிகுமார் ஒன்று வைத்திருக்கிறான். மைக் பட்டனை அமுக்கிப் பேசினால், விடுகிற வரைக்கும் எதிராளி குறுக்கே பேச முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகா, கண்டுபிடிப்பு என்றால் இதுவல்லவோ!

"எதுக்குங்க அது? போன்தான் இருக்கே?"

"தோட்டத்துக்குள்ள போனா போனுக்கு லைன் ஏது? இது டுவல் பேண்ட். ரெண்டு அலைவரிசை. ஒண்ணுல..."

"ஒண்ணுல தூரமா பேசலாம், இன்னொண்ணுல டவுனுக்குள்ள பேசலாம். நேத்தே சொன்னீங்க."

பார்த்தீர்களா? இதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் பேசுவதற்கு லைசன்ஸ் வேண்டும், லைசன்ஸுக்குப் பரீட்சை எழுத வேண்டும். "நீ கேள்வி கேளு, நான் பதில் சொல்றேன்" என்று புத்தகத்தைக் கங்கா கையில் திணித்தார். அவள் தோசை சுட்டபடி வாசிப்பாள். இவரோ கைப்பேசியில் ரேடியோ செட் தேடிக்கொண்டிருப்பார். ஐம்பது வாட்டா, இருபத்தைந்தா? முகப்பைத் தனியே கழற்றி மாட்டலாமா? இரண்டு அலைவரிசையையும் ஒரே நேரத்தில் கேட்கலாமா? மூன்று மாதம் இதே ஆராய்ச்சி.

"ஆண்டெனா இல்லாம பட்டன அமுக்கினா என்ன ஆகும்?"

"அட, இதுல திரை நீலக் கலர்ல எரியுது பாரேன்!"

"செட்டு கெட்டுப்போகும்" என்று அவளே பதிலையும் வாசித்துவிட்டுத் தோசையைத் திருப்புவாள்.

பரீட்சைக்கு அவளும் பேர் கொடுத்திருந்தாள். "நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் வெளியில சும்மா உக்காந்திருக்கிறதுக்கு நானும் எழுதிப் பாக்குறேன் லா." கார்த்திகேசு விழுந்து விழுந்து சிரித்தார். சசிகுமாரைக் கூப்பிட்டுச் சொல்லியும் சிரித்தார்.

ரிசல்ட் வந்தது. கங்கா பாஸ். கார்த்திகேசு ஃபெயில்.

அநியாயம்! அக்கிரமம்! செட்டைத் தேர்ந்தெடுத்தது யார்? ஐம்பது வாட்டுக்கு அடம்பிடித்தது யார்? வெயிலில் வேர்த்து விறுவிறுக்க ஒயர் இழுத்து, கார் கூரையில் ஆண்டெனா மாட்டியது யார்? எல்லாம் இவர்தான். மாட்டியது மட்டும் கங்காவின் காரில். "லைசன்ஸ் என் பேர்லதானே இருக்கு?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரவாங்கில் ஒரு கல்யாணம். கங்கா காரை ஓட்டினாள், இவர் பக்கத்தில். செட்டில் சசிகுமாரின் குரல் கேட்டதும் கார்த்திகேசுவின் கை தானாக மைக்குக்குப் போனது.

"தொடாதீங்க! லைசன்ஸ் இல்லாதவங்க பேசக்கூடாது. முப்பத்திரெண்டாவது கேள்வி."

"நான் செலக்ட் பண்ண செட்டுடி இது!"

"நல்லாத்தான் செலக்ட் பண்ணியிருக்கீங்க. எவ்வளவு தெளிவா கேக்குது!"

காரை ஓரமாக நிறுத்தி மைக்கை எடுத்தாள். சசிகுமார் கேட்டான்: "அண்ணி, அண்ணன் பக்கத்துல இருக்காரா? ஓவர்."

கார்த்திகேசு ஆவலாக வாயைத் திறந்தார். கங்கா பட்டனை அமுக்கினாள்.

"இருக்காரு. கேட்டுக்கிட்டு இருக்காரு. ஓவர்."