தக்காளியைத் துப்பியது குறித்து ஒரு விளக்கம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீங்களும், உங்கள் வீட்டாரும், சென்ற வியாழக்கிழமை முதல் உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவியும் நலமென்று நம்புகிறேன். அவளோடு வந்து சேர்ந்திருக்கும் பதினேழு தக்காளி, ஒன்பது கத்தரிக்காய், ஒரு பை நிறைய பீன்ஸ் ஆகியவையும் வாடாமல் இருக்குமென்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? வலியோடு இருப்பவரை இவ்வளவு நீளக் கடிதத்தால் தொந்தரவு செய்யக் கூடாதுதான். ஆனால் அவள் தன் பக்கத்து நியாயத்தை நேரிலேயே சொல்லியிருப்பாள், அதுவும் நீங்கள் சாப்பாட்டில் கை வைத்து எழுந்திருக்க முடியாத நேரமாகப் பார்த்துச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், அவள் திரும்பி வர வேண்டும். மற்றதெல்லாம் விளக்கம்.

நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் சாஸ் ஆலையில் சுவைப் பரிசோதகனாக இருந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வேலையில் என்ன செய்வார்கள் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. காலையில் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ஒவ்வொரு லாரியில் வந்த காயிலிருந்தும் ஒரு துண்டு என் முன்னால் வரும். அதை வாயில் போட்டு, இடக் கன்னத்தில் நான்கு எண்ணும் வரை, வலக் கன்னத்தில் நான்கு எண்ணும் வரை உருட்டிவிட்டு, எவர்சில்வர் குவளையில் துப்பி, வெந்நீரால் வாய் கொப்பளித்து, பதிவேட்டில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் எழுத வேண்டும். விழுங்கவே கூடாது. விழுங்கினால் பத்தாவது துண்டில் நாக்கு மழுங்கிவிடும், ஐம்பதாவது துண்டில் வயிறு கேள்வி கேட்கும். என்னோடு சேர்ந்த ஒருவர் ஒரு நாள் ஆசைப்பட்டு விழுங்கிவிட்டார், மறுநாளே அவரை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இன்னொரு விதியும் உண்டு. விளைவித்தவரிடம் மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. லாரியோடு வந்த விவசாயிகள் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு என் முகத்தையே பார்ப்பார்கள். அவர்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அப்படி ஒரு முகம் எனக்கு வாய்த்திருக்கிறது என்று மேலாளர் என் பணிநிறைவு விழாவில் பாராட்டியே பேசினார்.

ஓய்வு பெற்ற பிறகு மொட்டை மாடியில் காய்கறி போடலாம் என்று யோசனை சொன்னது நான். பதினான்கு பெயின்ட் டப்பாக்களையும், ஓடாத வாஷிங் மெஷினின் தொட்டியையும் மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனது உங்கள் தங்கை. மண் கலந்தது, விதை போட்டது, தினமும் இரண்டு வேளை தண்ணீர் சுமந்தது, இலைக்கு அடியில் இருந்த புழுவைக் கையால் எடுத்தது, எடுத்த புழுவிடம் மன்னிப்புக் கேட்டது எல்லாம் அவள்தான். நான் பதிவேடு வைத்துக்கொண்டேன். எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது, எத்தனை பூ உதிர்ந்தது, எத்தனை தங்கியது என்று ஒன்று விடாமல் எழுதினேன். அதுவும் உழைப்புதான் என்பது என் கருத்து, அவள் அதை ஏற்கவில்லை.

முதல் தக்காளி போன மாதம் பழுத்தது. அதைப் பறிக்கிற நாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, கீழ்வீட்டுத் தையற்காரரையும் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மாவையும் மாடிக்கு அழைத்திருந்தாள். பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பறித்து, கழுவி, நான்காக நறுக்கி, முதல் துண்டை என் வாயில் அவளே வைத்தாள். மைத்துனர் அவர்களே, அந்தக் கணத்தில் நான் கணவனாக நின்றிருக்க வேண்டும், பரிசோதகனாக நின்றுவிட்டேன். இடக் கன்னத்தில் நான்கு, வலக் கன்னத்தில் நான்கு. பிறகு என் கால்கள் தாமாகவே மாடிக் குழாயடிக்குப் போயின, வாய் தானாகவே துப்பியது, கை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தது. திரும்பிப் பார்த்தால் மூவரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என் முகத்தில் வழக்கம்போல் ஒன்றும் இல்லை.

 மறுநாள் கடையில் வாங்கிய உருளைக்கிழங்கை வேகவைத்துப் போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்தாள்.

“கடைக் காயை வாயை மூடிட்டு முழுங்குறீங்க. நான் வளத்ததை மட்டும் துப்புறீங்க,” என்றாள்.

நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் பதில் இருந்தது. கடைக் காயை யார் சோதிப்பார்கள்? அதில் சோதிக்க என்ன இருக்கிறது? பசிக்குச் சாப்பிடுகிறோம், போகிறது. நாக்கு எழுந்து உட்கார்ந்து கவனிக்கிற மாதிரி ஒன்று வாயில் விழுந்தால்தான் எனக்கு எண்ணவே தோன்றும். இந்தப் பதில் எனக்குத் தோன்றியது மூன்று நாள் கழித்து, சலூனில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தபோது. முடிதிருத்துபவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நல்ல பதில் என்றார்.

இதற்கிடையில் வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. நான் துப்பியதைப் பார்த்த தையற்காரர், வீட்டில் விளைந்த காயைச் சாப்பிடும் முறையே அதுதான் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் காலை தன் ஜன்னலோரத் தொட்டியில் காய்த்த ஒரு மிளகாயையும், துப்புவதற்கு ஒரு குவளையையும் எடுத்துக்கொண்டு வந்து, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மறுக்க முடியவில்லை. மிளகாயை எட்டு எண்ணும்வரை வாயில் உருட்டுவது எப்படியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். நான் ஆறு எண்ணும்போதே எட்டு என்று சொல்லித் துப்பிவிட்டேன். தலைமையாசிரியை அம்மா அடுத்து வந்தார். விழுங்காமலே ருசி பார்க்க முடியுமென்றால் வயதானவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டா என்று தன் பழைய மாணவர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் எங்கள் படிக்கட்டில் வரிசை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு காய், இன்னொரு கையில் ஒரு குவளை. தையற்காரர் துணியில் குறி போடும் சுண்ணாம்புக் கட்டியால் படிகளில் எண் எழுதி, ஆளுக்கொரு படி என்று நிற்க வைத்தார். நான் வீட்டு வாசலில் மேசை போட்டு, பழைய வெள்ளை அங்கியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். மறைக்க மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் தேடி வந்ததில்லை.

உங்கள் தங்கை அந்த வரிசைக்கு நடுவே தண்ணீர் வாளியோடு தினமும் ஏறி இறங்கினாள். புதன்கிழமை, யாரோ ஒருவர், அவள் சொந்த வீட்டுப் படியிலேயே, வரிசையில வாங்கம்மா என்று சொல்லியிருக்கிறார். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், முதன்முதலாகப் பறித்த கத்தரிக்காயை அடுப்பில் சுட்டு, தோலுரித்து, உப்புத் தூவி, ஆவி பறக்க ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றிருக்கிறாள். பதினோரு பேருக்குப் பின்னால். எனக்கு இது தெரியாது. நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். மாதிரி எண் பன்னிரண்டு என்றேன், தட்டு வந்தது, ஒரு துண்டு எடுத்தேன், உருட்டினேன், துப்பினேன், எழுதினேன். அடுத்தவர் வரலாம் என்றேன். தட்டு நகரவில்லை. பிறகுதான் தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடமாகப் பார்க்கிற கை.

“நான் எண்ணிப் பாத்தேங்க. எட்டு வரைக்கும்தான் என் கத்தரிக்கா உங்க வாயில இருந்துச்சு,” என்றாள்.

மறுநாள் காலை மாடியில் இருந்த அத்தனை காயையும் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வண்டி ஏறிவிட்டாள்.  மேசையை உள்ளே இழுத்துப் போட்டு, பரிசோதனை இல்லை என்று கதவில் எழுதி ஒட்டினேன். வரிசை கலையவில்லை, தையற்காரர் கடைக்கு இடம் மாறிவிட்டது. அவரே இப்போது உருட்டித் துப்பிச் சொல்கிறார். மதிப்பெண்ணை இன்ச் கணக்கில் போடுகிறார் என்று கேள்வி. நேற்று ஒரு முருங்கைக்காய் முப்பத்தெட்டு வாங்கியிருக்கிறது, அது ருசியா நீளமா என்று யாருக்கும் தெரியவில்லை.

இனிதான் முக்கியமான விஷயம். நேற்று மதியம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மாடிக்குப் போனேன். அவள் தூக்குகிற வாளியை நான் தூக்கியது அதுதான் முதல் முறை, இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே போய்ப் பார்த்தால், வெள்ளரிக் கொடியில் ஒரு பெரிய இலைக்கு அடியில், அவள் கண்ணுக்குத் தப்பிய ஒரே ஒரு வெள்ளரிக்காய். பறித்தேன். வெயிலில் கிடந்ததால் வெளியே சூடாக இருந்தது. மேலே இருந்த சுணையைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கடித்தேன். உள்ளே குளிர்ந்திருந்தது. சாறு முழங்கை வரை வழிந்தது. அடுத்த கடி, அதற்கடுத்த கடி. கடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. காம்பு கைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் எண்ணவே இல்லை, உருட்டவே இல்லை, துப்பவே இல்லை. முழு வெள்ளரிக்காய் வயிற்றுக்குள் போயிருந்தது. இத்தனை வருடமும் ருசி என்பது நாக்கோடு முடிகிற விஷயம் என்று நினைத்திருந்தேன். அது உள்ளே இறங்கிப் போகும்போதும் ருசிக்கிறது என்பது எனக்கு ஐம்பத்தொன்பது வயதில் தெரிந்திருக்கிறது. சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்தில் சொல்ல அவள் இல்லையே என்று அழுதும்விட்டேன். யாரும் பார்க்கவில்லை, அதுதான் பிரச்சினை. பார்த்தவர் இல்லாத சோதனை செல்லாது. ஆகவே அந்தக் காம்பை இந்த உறையில் வைத்து அனுப்புகிறேன், தயவுசெய்து அவளிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், விதியை மீறித்தான் சொல்கிறேன். முப்பத்துநான்கு ஆண்டுகளில் நான் எந்தக் காய்க்கும் எட்டுக்கு மேல் போட்டதில்லை. அவள் தக்காளிக்கு ஒன்பதரை போட்டேன். அந்தச் சுட்ட கத்தரிக்காய்க்கு, அது யாருடையது என்று தெரியாமலே, பத்து போட்டேன். இதை நான் அவளிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் அவள் கையால் எது வந்தாலும் விழுங்குவேன் என்று சொல்லுங்கள். மனைவி வளர்த்த காயை மனிதன் விழுங்க வேண்டும், அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் எப்போதும் எதையும் சத்தமில்லாமல் விழுங்குகிறவர், உங்களிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை. எல்லோரும் நன்றாகப் பசித்து, நன்றாகச் சாப்பிட்டு, நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் பதிலுக்குக் காத்திருக்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டப்பட்டது. உங்கள் தங்கை, கையில் காலிப் பை. உங்களிடம் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாளாம். கடிதத்தை வாங்கி வாசலில் நின்றபடியே முழுவதும் படித்தாள். நேற்று இரண்டு வேளையும் அவள் கொண்டுவந்த பீன்ஸையும் தக்காளியையும் ஆசையாகச் சமைத்து உங்களுக்குப் போட்டாளாம். நீங்கள் மொத்தத்தையும் விழுங்கிவிட்டு, “பரவால்ல” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டீர்களாம்.

“இவரு துப்பினாலும், எட்டு எண்ணுற வரைக்கும் என் காயைத் தவிர வேற எதையும் நினைக்கல,” என்றாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். விழுங்குவதாக நான் கொடுத்த வாக்கை அவளே ரத்து செய்துவிட்டாள். குவளை மாடிக்குப் போய்விட்டது, நாளை முதல் பதினாறு வரை எண்ண வேண்டுமாம். உங்கள் மேல் உள்ள கோபம் இப்போதைக்குத் தணிகிற மாதிரி தெரியவில்லை. உங்கள் தரப்பை விளக்கி நீங்கள் உடனே ஒரு கடிதம் எழுதுவது நல்லது. கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள், அவளிடம் உங்களுக்காகப் பேச இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன், எனக்கோ முகத்தில் ஒன்றும் வராது.