சாமை முறுக்கைத் தேடிய பத்துப் பேர்

அன்புள்ள மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன் அவர்களுக்கு,

ஜமுனாமரத்தூரிலிருந்து மாமனார் ஆதிநாராயணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியார் பாஞ்சாலியும், லீவில் வந்திருக்கும் மகள் இளவரசியும் சுகம். சென்னையில் நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால் கடிதம்.

வேலையை விட்டுவிட்டு இங்கே சாமை முறுக்கு சுட்டு ஆன்லைனில் விற்கலாமா என்று இளவரசி கேட்டதற்கு, நீங்கள் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கருவியில் பார்த்து, கூகுளில் ‘சாமை முறுக்கு’ என்று மாதம் பத்துத் தேடல்தான் வருகிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். நான் மலைப் பஸ்ஸில் கண்டக்டராகவே காலம் தள்ளியவன். எனக்குப் பத்து டிக்கெட் என்றால் பத்துத் தலை. அந்தப் பத்துப் பேர் யாரென்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. சந்தைக்குப் போய் விசாரித்தேன். காய்கறிக்கார மங்கம்மாள், “நான் இன்னாத்துக்குத் தேடறேன், உன் வூட்ல சுட்டா இங்க வரைக்கும் வாசனை வருதே” என்றாள். செல்போன் ரிப்பேர் கோபால், “நான்தாங்க தேடினேன், ஏழு வாட்டி. சிக்னல் போய்ப் போய் வந்துச்சு” என்றான். ஒரே ஆள் கையில் ஏழு டிக்கெட். சரி, மீதி மூன்று யாரென்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால், பாஞ்சாலி, “நானுந்தான் ஒரு வாட்டி தேடினேன், மாப்ள சொன்னது நெசமான்னு பாக்க வேணாமா” என்கிறாள். நான் தேடியது இரண்டு முறை. ஆகப் பத்தும் நம் ஆட்களே, காசு கொடுத்து வாங்க வெளியாள் ஒருவர்கூட இல்லை.

மறுபடி சந்தைக்கே ஓடினேன். வாணியம்பாடியிலிருந்து செருப்புக் கொண்டுவந்து விற்கும் சுஃப்யான், ஆன்லைனிலும் வியாபாரம் பார்ப்பவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். “அண்ணே, அது தலை எண்ணின கணக்கு இல்ல, குத்துமதிப்பு. போன வருஷம் பூரா தேடினதை மாசத்துக்குப் பிரிச்சு, ரவுண்டாக்கிப் போடுவாங்க. நீங்க இப்போ தேடினது அதுல ஏறியே இருக்காது. கோடை விழா வந்தா எகிறும், அப்புறம் படுத்துக்கும். மொதல்ல, வெளியூர்க்காரன் சாமைன்னா தேடுவான்? சிறுதானிய முறுக்குன்னு போட்டுப் பாருங்க.” அவர் போனிலேயே அந்தக் கருவியில் போட்டால் ஆயிரம் என்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை, அதற்குள் அவரே, “ரொம்பத் துள்ளாதீங்க, அதுல பாதிப் பேரு எப்படிச் சுடறதுன்னு பாக்கத்தான் தேடுவான், வாங்க இல்ல” என்று உட்கார வைத்துவிட்டார்.

ஆக மாப்பிள்ளை, பத்து என்றால் பத்துமில்லை, ஆயிரம் என்றால் ஆயிரமுமில்லை. இந்த லட்சணத்தில் கையிலிருக்கும் வேலையை விடுவது சரியில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைதான், ரொம்ப ஆசை. இருந்தாலும் லீவு முடிந்ததும் நானே பஸ் ஏற்றி அனுப்பிவைக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

நீங்கள் நோய்நொடியில்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

ஆசியுடன்,
ஆதிநாராயணன்

பின்குறிப்பு: இளவரசி லீவில் வரவில்லை. போன வாரமே வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். இதை உங்களிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னாள். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் தைரியம் வரவில்லை. இப்போது பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்கிறாள். “மாப்பிள்ளை கோபமாக இருப்பாரம்மா” என்றேன். “கோபத்தோடவே வரட்டும்பா, வந்தா போதும்” என்கிறாள்.