வால்ட்டர் மேல் பூத்த கிலுகிலுப்பை

இங்கிலாந்துக் கிராமங்களில் புல்வெளிக்காரர் என்றோர் இனம் பெருகி வருகிறது. எங்கள் ஊரில் அது ஜெர்வாஸ் என்ற பெயரில் நடமாடுகிறது. புல்லைக் கண்டால் வெட்டாதே என்பார், பூவைக் கண்டால் லத்தீனில் பெயர் சொல்வார், திருப்பிச் சொல்லும்போது நமக்கு நாக்குக் குழறினால் பரிதாபப்பட்டுச் சிரிப்பார், சிரித்து முடித்து, "நீங்க இன்னும் புல்வெட்டும் மெஷின் வச்சிருக்கீங்களா?" என்று ஏதோ நாம் வீட்டில் கள்ளச்சாராயம் காய்ச்சுவதுபோல் விசாரிப்பார். வைத்திருக்கிறேன் ஐயா. என்ன செய்துவிடுவீர்கள்?

இவர் கையில் சிக்கியது தேவாலயத்துக் கல்லறைத் தோட்டம். அதைப் பூக்காடாக்குகிறேன் என்று கமிட்டியில் எழுந்தவர், மஞ்சள் கிலுகிலுப்பை என்ற செடியைப் பற்றி எல்லோருடைய தேநீரும் ஆறிப்போகும்வரை பேசினார். அது புல்லின் வேரைப் பற்றிச் சத்தை உறிஞ்சுமாம், புல் நோஞ்சானாகுமாம், அந்த இடைவெளியில் மற்றப் பூக்கள் தலை நீட்டுமாம். எல்லாம் நிஜம்தான். ஆனால் அந்த விதை வெறும் மண்ணில் விழ வேண்டும், குளிர்காலம் முழுக்க அங்கே விறைத்துக் கிடக்க வேண்டும். நம்மவரோ வசந்தத்தில், முழங்கால் உயரப் புல்லின்மேல், கோழிக்குத் தீனி போடுவதுபோல் வீசினார். ஒன்றும் முளைக்கவில்லை. புல் மட்டும் இடுப்பளவு வளர்ந்தது.

ஹில்டாவின் கணவர் வால்ட்டர் அங்கேதான் படுத்திருக்கிறார். ஞாயிறுதோறும் பூங்கொத்தோடு வரும் அந்தக் கிழவி, கைத்தடியால் புல்லைத் துழாவித் துழாவிக் கல்லறையைத் தேடினாள். ஒருநாள் யாரோ ஒரு கர்னலுக்குப் பூ வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு தெரிந்தபோது அழுதாள்.

"ஏம்ப்பா ஜெர்வாஸ், என் வீட்டுக்காரர் இடத்தை மட்டுமாவது வெட்டி விடேன்."

"பொறுங்கம்மா. இயற்கை அதோட வேலையைச் செய்யட்டும்."

"எவ்வளவு நாள்? நானும் இங்கயே வந்து படுக்கிற வரைக்குமா?"

இலையுதிர்காலத்தில் அவளே கத்தரியோடு வந்தாள். வால்ட்டர் மேலிருந்த புல்லை ஒட்ட நறுக்கி, மண் தெரியக் கிளறிவிட்டாள். காட்டுமிராண்டித்தனம் என்று ஜெர்வாஸ் கமிட்டியில் குதித்தார். அந்தக் கோபத்திலேயே தோட்டம் முழுக்க மறுபடியும் விதை வீசினார். அடுத்த ஜூனில் கிலுகிலுப்பை பூத்தது. எங்கே? வால்ட்டர் மேல் மட்டும்.

வெட்கப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கே வால்ட்டரைச் சுற்றிக் கயிறு கட்டி, 'ஜெர்வாஸ் முறைப் பூவெளி. மிதிக்காதீர்' என்று பலகை நட்டு, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஹில்டா வந்தாள்.

"அங்கயே நில்லுங்கம்மா. அபூர்வமான செடி. காய் காய்ஞ்சு விதை உதிரட்டும், அப்புறம் வாங்க."

கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கயித்தைத் தூக்கிப் பிடி. எனக்கு முட்டி மடங்காது."

"மிதிச்சிடுவீங்கம்மா!"

"என் புருஷனைத்தானே மிதிக்கிறேன்? அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். தூக்கு."

தூக்கினார் ஐயா, தூக்கினார்! குனிந்து உள்ளே போன கிழவி வால்ட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் எழுந்திருக்கும்வரை அவர் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன தடவை நீங்கள் ஊருக்கு நல்லது செய்தீர்களே, அப்போது பிடித்துக்கொண்ட படத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். யாருக்காகச் செய்தீர்களோ, அந்த ஆள் அதில் இருக்கிறாரா?