லூயிஸ் வீட்டு ஓக் ஸ்டாண்டு விற்பனைக்கு

ஒரு பொருளை விற்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, உயிர் உள்ளவரை அது விலைபோகாமல் காத்து நிற்கிற மனிதர்கள் ஓர் இனம். உங்களுக்குத் தெரியாதவர்களா என்ன? சமவெளியில் இவர்கள் ஓடாத காரையோ பழைய பம்புசெட்டையோ வைத்துக் காலம் தள்ளுவார்கள். நீலகிரியில் வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான் இருக்கிறது. அதனால் இங்கே கொழுத்து வளர்கிறார்கள். ஒரு உருப்படியைக் காட்டுகிறேன், வாருங்கள்.

குன்னூர் லூயிஸ். டீ ஃபாக்டரி ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் வீட்டு ஹாலில், ஜன்னலை ஒட்டி, ஆளுயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு. ஓக் மரம். தொப்பி மாட்டக் கொக்கிகள், குடை செருகக் கீழே ஒரு தட்டு, நடுவில் முகம் பார்க்கிற கண்ணாடி, சுற்றிலும் கையால் செதுக்கிய இலையும் காயும், உச்சியில் ஒரு நாய்த்தலை. லூயிஸுக்கு அது சிங்கம். மறுத்துப் பேசினால் டீ வராது. வேலைப்பாடு அருமைதான், பொய் சொல்லக்கூடாது.

வம்பு என்னவென்றால், ஹாலில் இருப்பது அந்த ஒரே ஜன்னல். அது அவர் மனைவி மெட்டில்டாவுக்கு வேண்டும். கான்வென்ட் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிறவர், மெஷினோடு சமையலறை மூலையில் கிடக்கிறார். பல்பு வெளிச்சத்தில் நேவி ப்ளூ நூலும் கறுப்பு நூலும் ஒன்றாகத்தான் தெரியும். மாற்றித் தைத்த பாவாடைகள் திரும்பி வரும், உட்கார்ந்து பிரிப்பார்.

"ஏனுங்க, அதை வித்துத் தொலைங்களேன். கண்ணு போயிரும்போல இருக்குது."

"இந்த சீசனுக்குள்ள தள்ளிவுட்டுர்றேன்னு சொன்னனில்ல?"

சீசன் வரும். ஃபோனில் விளம்பரமும் போகும்: 'துரை காலத்துப் பொருள். ரசனை உள்ளவர்கள் மட்டும்.' ஆள் வந்ததும் லூயிஸ் ஸ்வெட்டர் மாட்டி, ஜன்னல் திரையை விலக்கி, மெஷினை விட்டு எழுந்து டீ போடும்படி மெட்டில்டாவை ஏவி, விரல் மூட்டால் மரத்தைத் தட்டி, "கேட்டீங்களா சத்தம்?" என்று தொடங்கி, கப்பலேறும் முன் துரை, பங்களாவில் பட்லராக இருந்த லூயிஸின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டு, "இதை நீதான் வெச்சுக்கோணும்" என்று கதறிய கட்டத்துக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும். துரை தமிழில், அதுவும் கோயமுத்தூர்த் தமிழில் அழுதார் என்பதை யாரும் கேட்டதில்லை. முதலில் அவர் எஸ்டேட் மேனேஜர். மறு சீசனில் கலெக்டர். இப்போது கவர்னருக்கு மச்சான். நிஜத்தில் அது பங்களா சாமான் ஏலத்தில் ஓர் ஓட்டைக் குளியல் தொட்டியோடு சேர்த்து அப்பன் தலையில் கட்டப்பட்டது. மாமியார் சொல்லி மெட்டில்டாவுக்குத் தெரியும்.

கதை முடிந்ததும் கேள்வி. "எங்கீங்க வெப்பீங்க?" ஃப்ளாட் என்றால் ஓக்குக்கு மூச்சு முட்டும். சென்னை என்றால் வெக்கையில் வெடித்துவிடும். வந்தவர் மன்னிப்புக் கேட்காத குறையாகக் கிளம்புவார். லூயிஸின் முகத்தில் விருந்து சாப்பிட்ட களை. இதுவா விற்பனை? பொல்லாத மனுஷன்!

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்தும் ஷண்முகப்ரியா வந்தார். நின்றபடியே ஒரு பார்வை.

"எடுத்துக்கறேனுங்க. நீங்க கேட்ட வெலைக்கே."

லூயிஸ் தட்டுவதற்குத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. "உக்காருங்க. இதோட கதை..."

"பரவால்லீங்க. கெஸ்ட்டெல்லாம் ஈரக்குடையத் தரையில போட்டுர்றாங்க. அதுக்குத்தான்."

"ஈரக்குடையா!" மனுஷன் ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து மறித்து நின்றார். "அருமை தெரியாதவிங்களுக்குக் குடுக்கறதில்லீங்க."

சமையலறை வாசலில் மெட்டில்டா, கையில் பிரித்த பாவாடையோடு. வந்தவரை வழியனுப்புகிறவர்போல் கேட் வரைக்கும் போனார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் கமிட்டின்னு உக்காந்துருவாருங்க. அப்ப வண்டியோட வாங்க."

வண்டி வந்தது. ஸ்டாண்டு போனது. லூயிஸ் திரும்பி வந்தபோது ஜன்னலடியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நேவி ப்ளூ துணியில் நேவி ப்ளூ நூல். பக்கத்தில் பணக் கவர். அவர் கவரைத் தொடவில்லை, ராத்திரி சாப்பிடவும் இல்லை. மெட்டில்டாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மெஷினை நகர்த்தவில்லை. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் ஒரு பாவாடையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

விளம்பரத்தை மட்டும் லூயிஸ் எடுக்கவில்லை. அடுத்த வாரமே கோயமுத்தூரில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஸ்வெட்டரோடு எழுந்தார் நம்மவர். "வாங்க, வாங்க. கொஞ்சம் முந்தி வந்திருக்கோணும். இந்த இடத்துலதான் நின்னுச்சு. செவுத்துல தடம் பாருங்க, சிங்கத்தோட காது வரைக்கும் தெரியுது. கவர்னரு மச்சான் இதைப் புடிச்சுட்டுத்தான் அழுதாரு. மெட்டில்டா, அந்த மெஷினச் சமையக்கட்டுக்கு நகத்து, வெளிச்சத்துல நின்னு பாக்கட்டும். அப்படியே டீ போடு."

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டிலும் 'வித்துரலாம், வித்துரலாம்' என்று ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அதைப் பார்க்க இந்த வாரம் யாரோ வருவதாகத்தானே சொன்னீர்கள்? வரட்டும். தாராளமாகப் பேசுங்கள். ஆரம்பிப்பதற்கு முன், டீ போட எழுந்து போகிறவரின் முகத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.