சங்கல்பம் எடுத்த சிறுத்தை

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் பக்கமாக, செண்பகா என்றொரு கேளையாடு வசித்தது. பெயரில்தான் ஆடு, பிறவியில் சின்ன மான். ஆபத்தைக் கண்டால் நாய் மாதிரி குரைக்கும். அதனால் மற்ற மான்கள் எல்லாம் கூட்டம் போட்டு, செண்பகாவை ஒரு வார்த்தை கேட்காமலேயே, காவல் வேலையை அதன் தலையில் கட்டிவிட்டன.

இலை அசைந்தால் குரைக்க வேண்டும். அசையாவிட்டால், ஏன் அசையவில்லை என்று போய்ப் பார்க்க வேண்டும். மூன்று வருஷமாகச் செண்பகாவுக்கு ஒழுங்கான தூக்கமில்லை. போன மாதம் ஒரு வாழைப்பூவைப் பார்த்துக் குரைத்து, மொத்தக் கூட்டமும் பயத்தில் ஆற்றில் குதித்து, பாதிப் பேருக்குச் சளி பிடித்துவிட்டது.

“போய் உடம்பைக் காட்டு” என்றன மான்கள்.

காட்டுவதற்குக் கரடி ஆதிமூலம் ஒன்றுதான் இருந்தது. அது வெளியூர்க் காட்டுக்குப் போய் ஆறு நாள் பயிற்சி எடுத்து, சான்றிதழை மருத மரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பலகை: ‘யோக நித்திரை வகுப்பு. மாலை நான்கு மணி.’ அதற்குக் கீழே இன்னொரு பலகை: ‘வகுப்பு நேரத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது.’ வகுப்பு முடிந்த பிறகு என்ன செய்யலாம் என்று பலகையில் எதுவும் இல்லை.

முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ‘தூக்கம் வராததற்குக் காரணம்’ என்ற இடத்தில் செண்பகா, ‘சிறுத்தை தணிகாசலம்’ என்று எழுதியது. நிமிர்ந்து பார்த்தால், பக்கத்துப் பாயில் தணிகாசலமே உட்கார்ந்து படிவம் எழுதிக்கொண்டிருந்தது. ‘காரணம்: பசி. எப்போது பதுங்கினாலும் ஒரு சனியன் குரைத்துக் காரியத்தைக் கெடுக்கிறது.’

செண்பகா பலகையை இன்னொரு தடவை படித்தது. எழுந்து ஓடினால் பலகை காப்பாற்றாது. படுத்திருந்தால் ஒரு மணி நேரமாவது உயிரோடு இருக்கலாம். படுத்தது.

“எல்லாரும் மல்லாக்கப் படுங்க” என்றது ஆதிமூலம். “முதல்ல சங்கல்பம். உங்களுக்கு என்ன வேணுமோ அதை ஒரே வரியில, மனசுக்குள்ள மூணு தடவை சொல்லணும். ‘மாட்டேன்’, ‘கூடாது’ எல்லாம் வரக் கூடாது. நடந்து முடிஞ்ச மாதிரியே சொல்லணும்.”

“குருஜி, ‘என் வேட்டை இனிமே வீணாகக் கூடாது’ன்னு வச்சிருக்கேன்” என்றது தணிகாசலம்.

“அதுல ‘கூடாது’ வருதே. நல்லதா மாத்துங்க.”

சிறுத்தை யோசித்தது. “ ‘நான் மானை வயிறார உண்கிறேன்.’ ”

“அருமை! எவ்வளவு தெளிவு பாருங்க!” என்று ஆதிமூலம் பூரித்துப்போனது. செண்பகா தன் சங்கல்பத்தைச் சொன்னது: ‘நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.’ சொல்லும்போதே அதற்கு அழுகை வந்தது.

அடுத்து உடலைத் தளர்த்தும் கட்டம். ஆதிமூலம் தேன் ஒழுகும் குரலில் ஒவ்வொரு உறுப்பாகச் சொன்னது. “வலது தொடை... இடது தொடை... விலா... ஈரல்... மெதுவா, ரொம்ப மெதுவா...”

பக்கத்துப் பாயில் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

“இப்போ உங்க சங்கல்பம் நிறைவேறிடுச்சு. அதைக் கண்ணுக்கு முன்னால பாருங்க. வாசனை பிடிங்க. அனுபவிங்க.”

தணிகாசலம் அனுபவித்தது. வாய் மென்றது. வால் ஆடியது. நாக்கு மீசையைத் துழாவியது. செண்பகா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டே, மணி அடித்ததும் எந்தப் பக்கம் பாய்வது என்று கணக்குப் போட்டது.

மணி அடித்தது. தணிகாசலம் எழுந்தது. சோம்பல் முறித்தது. பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. பிறகு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செண்பகாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.

செண்பகா அப்படியே நின்றது. அதற்கு விஷயம் புரிய ஆரம்பித்தது.

மறுநாள் அதுவே முதல் ஆளாக வந்து, சிறுத்தைக்கு நிழலான இடத்தில் பாய் போட்டு வைத்தது.

“நேத்து எப்படி இருந்துச்சு சார்?”

“அதை ஏன் கேக்கறீங்க! இந்த மாதிரி சாப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சு” என்றது தணிகாசலம். கொஞ்சம் தயங்கி, “தப்பா எடுத்துக்காதீங்க. நேத்துச் சாப்பிட்டது உங்களைத்தான்” என்றது.

“பரவாயில்ல சார். நல்லா இருந்தேனா?”

“உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கம்மி.”

“இன்னிக்குப் போட்டுக்கலாம். ஆனா ஒரு வேளைக்கு மட்டும் வந்தாப் போதுமா? காலையிலும் ஒரு வகுப்பு வைக்கச் சொல்லி குருஜிகிட்ட நான் பேசறேன்.”

பேசியது. வகுப்பு இரண்டு வேளையானது. பத்தாம் நாளுக்குள் தணிகாசலத்தின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. “உடம்பே லேசா இருக்கு” என்று எல்லோரிடமும் சொன்னது. நடக்கும்போது மரத்தைப் பிடித்துக்கொண்டது. காற்று கொஞ்சம் வேகமாக அடித்த அன்று ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டது. “ஆழ்நிலை வந்துருச்சு” என்று ஆதிமூலம் அதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது.

செண்பகா பயத்தை விட்டு, தன்னை மறந்து தூங்கியது. வாயைப் பிளந்துகொண்டு, காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மூன்று வருஷத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கியது.

ஒரு சனிக்கிழமை, அடுத்த மலையிலிருந்து ஒரு புலி இறங்கி வந்தது. நான்கு நாள் பட்டினி. மான்கள் சிதறி ஓடின. மருத மரத்தடியில் செண்பகா மட்டும் நின்றது.

“நீ ஓடலையா?” என்றது புலி, சந்தேகமாக.

“வகுப்புக்கு நேரமாச்சு சார். புதுசா வந்திருக்கீங்களா?”

அந்த நேரம் பார்த்து, பக்கத்துப் பாயில் படுத்திருந்த தணிகாசலம் கண்மூடியபடியே இன்னோர் ஏப்பம் விட்டது. புலி அதை உற்றுப் பார்த்தது.

“அவன் என்ன சாப்பிட்டான்?”

“என்னைத்தான்” என்ற செண்பகா, ஒரு பாயை உதறி விரித்தது. “படிவம் அப்புறம் நிரப்பிக்கலாம். முதல்ல மல்லாக்கப் படுங்க.”

நீதி: உன்னைத் தின்ன வருபவனுக்கு வழி விடாதே, எதிர்த்தும் நிற்காதே; தன்னம்பிக்கைப் பயிற்சியில் சேர்த்துவிடு.